எந்த விதையைக் காசுக்கு வாங்குவது, எதைக் கேட்டு வாங்குவது?

வாசகர் கேள்வி: மிஸ், நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாகிறது. பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று டவுனில் ஒரு கடையில் பன்னிரண்டு விதைப் பக்கற் வாங்கினேன், 1,800 ரூபா. ஏழு பக்கற்றைப் போட்டேன். கரட்டும் லீக்ஸும் முளைக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தந்த தக்காளிக் கன்று நான்கும் பூக்கிற நேரத்தில் பச்சையாகவே வாடி விழுந்துவிட்டன. ஐந்து பக்கற்றை இன்னும் பிரிக்கவில்லை. திருச்சியில் இருக்கிற மாமா மகள் தையில் வருகிறாள், அவளிடம் விதை கொண்டுவரச் சொல்லவா? பேஸ்புக்கில் விற்கிறார்களே, அது நல்லதா? ஒரு வெண்ணெய்ப்பழக் கன்றும் ரோஜாவும் வைக்க ஆசை. கையில் காசு குறைவு. எங்கே வாங்கினால் மலிவு?

பதில்:

தங்கச்சி, 1,800 ரூபா என்று வாசித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மலையேறிக் கொழுந்து பறித்த சம்பளம் அப்படியே மண்ணுக்குள் போயிருக்கிறது. உங்களைப் போலவே ஆசையாகப் பக்கற் வாங்கி, முளைக்காமல் போனதும் "எனக்குக் கைராசி இல்லை" என்று விட்டுவிட்டவர்களை இந்த வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். கைராசியில் ஒன்றும் இல்லை. எந்த விதைக்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கவே கூடாது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். எங்கே மலிவு என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம்.

கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட், நோகோல் இவற்றின் விதையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கரட்டும் கோவாவும் முதல் பருவத்தில் கிழங்கையும் தலையையும் தரும், குளிரைக் கண்ட பிறகுதான் பூத்து விதைக்கு வரும். அதுவரை ஏழு பேர்ச்சில் அதற்கு இடம் கொடுத்துக் காத்திருக்க முடியாது. போதாததற்குக் கடையில் வருகிற கோவா விதை பெரும்பாலும் ஹைப்ரிட், அதில் விதை எடுத்துப் போட்டாலும் தாயைப் போல வராது. ஆனால் போஞ்சி, பட்டாணி, நாட்டுத் தக்காளி, பூசணி, கொத்தமல்லி, கீரை வகை, வற்றாளை, சவுசவு, பொன்னாங்காணி, வல்லாரை, புதினா, சேரை இதெல்லாம் உங்கள் தோட்டத்திலேயே, உங்கள் டிவிஷனிலேயே யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. இதற்குப் பக்கற் வாங்குவது வீண் செலவு.

வட்டவளைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், மழை விடாமல் பெய்கிற ஊர் என்பதால், இங்கே யாரும் போஞ்சி விதை எடுத்து வைக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு லயத்து வீட்டில் பெரியம்மா ஒருவர் அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளி, புகை மட்டும் படுகிற மாதிரி, கயிற்றில் போஞ்சிக் காய்களைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தோல் புகையேறிக் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. ஒரு கொத்தை இறக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார், உள்ளே சலசலவென்று சத்தம். ஒன்றை உரித்து ஒரு விதையை முன்பல்லால் கடித்துக் காட்டினார். "பல்லு பதிஞ்சா இன்னும் ஈரம் இருக்கு மிஸ், டக்குன்னு உடைஞ்சாத்தான் போத்தல்ல போடணும்" என்றார். அப்புறம் சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு மூடினார். சாம்பல் இருந்தால் விதையைத் துளைக்கிற வண்டு அண்டாது. அந்தப் போத்தலுக்குள் இருந்தது கெப்பெட்டிபொல நில் என்ற கொடிப் போஞ்சி, விவசாயத் திணைக்களத்து விதையில் தொடங்கியது. பல வருஷமாக அவர் ஒரு சதமும் விதைக்குச் செலவழிக்கவில்லை.

போஞ்சியில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. சமையலுக்குப் பறித்து முடித்து, கடைசியில் முற்றித் தொங்குகிற நாலு காயை விதைக்கு விடுகிறோம். அது செடி களைத்துப்போன பிறகு வந்த காய். அப்படிச் செய்யாமல், காய்க்கத் தொடங்கும்போதே நன்றாக இருக்கிற இரண்டு கொடியைப் பார்த்து, இலையில் மஞ்சள் திட்டோ காயில் கறுப்புப் புள்ளியோ இல்லாத கொடியாக, ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். அந்தக் கொடியில் யாரும் கை வைக்கக்கூடாது, பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். தை, மாசி வெயிலில் காய் முற்றிக் காய்கிற மாதிரி கணக்குப் பண்ணி விதைத்தால் உங்கள் பக்கத்தில் நல்லது, ஆனி ஆடி மழையில் காய் கொடியிலேயே பூஞ்சணம் பிடித்துப்போகும்.

தக்காளி இன்னும் லேசு. நன்றாகப் பழுத்த, நோயில்லாத செடியின் பழத்தைப் பிழிந்து, விதையையும் அந்தக் கொழகொழப்பையும் ஒரு கிளாஸில் விட்டு இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். மேலே வெள்ளையாக ஆடை படியும், புளித்த வாடை வரும், பயப்பட வேண்டாம், விதையைச் சுற்றியிருக்கிற வழுவழுப்பு கரைகிறது. தண்ணீர் விட்டுக் கழுவினால் நல்ல விதை அடியில் தங்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். பேப்பரில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். திலின போன்ற திணைக்களத்து ரகமாக இருந்தால் விதை எடுத்துப் போடலாம், அடுத்த முறையும் அதே மாதிரி வரும்.

மலையகத்தில் விதைக்கு முதல் எதிரி பனிமூட்டம். விதை காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு கைப்பிடி அரிசியைச் சட்டியில் சிவக்க வறுத்து, ஆறியதும் துணியில் முடிந்து விதைப் போத்தலுக்குள் போட்டு இறுக்கி மூடுங்கள். ஈரத்தை அந்த அரிசி குடித்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை புதுசாக வறுத்து மாற்றுங்கள்.

இனி உங்கள் கரட்டும் லீக்ஸும். லீக்ஸ் விதைக்கும் வெங்காய விதைக்கும் ஆயுசு குறைவு, ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு விழத் தொடங்கும். கரட் இரண்டு மூன்று வருஷம் தாங்கும், தக்காளி நாலு வருஷம்கூடத் தாங்கும். ஆனால் இதெல்லாம் காய்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தால். கடை வாசலில் வெயில் படுகிற கண்ணாடிக்குப் பின்னால் மாதக்கணக்கில் தொங்கிய பக்கற் என்றால் கணக்கே வேறு. அடுத்த தடவை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள். பக்கற்றைத் திருப்பி ரகத்தின் பெயர், பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, முளைதிறன் வீதம் நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தின் நிறம் வெளுத்திருந்தால் அது வெயிலில் தொங்கியது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சரி, தப்பு முழுக்கக் கடை மேல்தான் என்றும் நான் சொல்லமாட்டேன். கரட் விதையை அரை விரல் ஆழத்தில் புதைத்தாலே வராது. கால் அங்குலம் போதும், மேலே சலித்த மண்ணைத் தூவி, பத்துப் பதினைந்து நாள் மேல்மண் காயாமலும் மழை அடித்து இறுகாமலும் சாக்கோ காய்ந்த மானாப் புல்லோ போட்டு மூடி, முளை தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கரட் விதையில் ஒரு கிராமுக்கே எழுநூறு எண்ணூறு விதை இருக்கும். உங்கள் பாத்திக்கு ஐந்து கிராம் தாராளம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மரக்கறி போடுகிறவர்கள் இதையே பெரிய டின்னாக வாங்குகிறார்கள், கிராம் கணக்குப் பார்த்தால் பக்கற்றை விட எவ்வளவோ குறைவு. உங்கள் டிவிஷனிலோ பக்கத்து டிவிஷனிலோ அப்படி மரக்கறி போடுகிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். அவர் டின் உடைக்கிற அன்றைக்கே போய்க் காசு கொடுத்து ஐந்து கிராம் கேளுங்கள். உடைத்து ஒரு மாதம் மூலையில் கிடந்த டின்னில் மிச்சத்தைச் சும்மா தந்தாலும் வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறிய டின் வாங்கிப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது. கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கிற நேரத்திலும், பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை விடுகிற நேரத்திலும் பேசினாலே ஆள் சேர்ந்துவிடும்.

கடைக்குப் போவதற்கு முன் போக வேண்டிய இடம் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையம். பகுதிக்குப் பொறுப்பான விவசாயப் போதனாசிரியரை அங்கேதான் பிடிக்க வேண்டும். அவர் பாதி நாள் வெளிக்களத்தில் நிற்பார், அதனால் லீவு போட்டுக்கொண்டு போவதற்கு முன் போன் பண்ணிக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் எந்த விதை இப்போது கையிருப்பில் இருக்கிறது, அருகில் எது என்று அவருக்குத் தெரியும். அங்கே காசு கொடுத்து விதை வாங்கக் காணி உறுதி ஒன்றும் காட்டத் தேவையில்லை. இதைச் சொல்கிறேன், ஏனென்றால் தோட்டத்து ஆட்கள் "அது நாட்டுப்பக்கத்து விவசாயிகளுக்கு" என்று நினைத்துப் போகாமலே இருக்கிறார்கள். அது உங்களுக்கும் உரிய இடம். 1920 என்பது திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம், அழைத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். எங்கே இருக்கிறீர்கள், மண் எப்படி, மழை எப்படி என்று சொல்லிவிட்டு ரகத்தைக் கேளுங்கள். பண்டாரவளையில் நன்றாக வருகிற ரகம் உங்கள் மேற்குச் சரிவு மழையில் அழுகலாம்.

இப்போது தக்காளி. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடி விழுந்தது என்கிறீர்கள். அது பெரும்பாலும் பக்டீரியா வாடல் நோய். சந்தேகமாக இருந்தால் நீங்களே பார்க்கலாம். வாடிய செடியின் தண்டை அடியில் கத்தியால் வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் நனைகிற மாதிரி ஆட்டாமல் பிடியுங்கள். சில நிமிஷத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கினால் அந்த நோய்தான். பார்த்த பிறகு அந்தத் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றிவிடாதீர்கள், கத்தியையும் கொதிநீரில் கழுவுங்கள்.

அந்த அக்கா நல்ல மனசோடுதான் தந்திருப்பார். ஆனால் அவர் கன்றோடு அவர் மண்ணும் வந்தது, மண்ணோடு நோயும் வந்திருக்கலாம். அது மண்ணில் வருஷக்கணக்கில் இருக்கும். அந்தப் பாத்தியில் தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நாலும் இனிச் சில வருஷத்துக்கு வேண்டாம், நாலும் ஒரே குடும்பம். போஞ்சியும் லீக்ஸும் சோளமும் போடுங்கள். தக்காளி வேண்டுமென்றால் உரப் பையில் வேறு மண்ணும் கூட்டுப்பசளையும் கலந்து, அந்தப் பாத்தித் தண்ணீர் வழிந்து வராத மேட்டில் வையுங்கள். கோவா நாற்றிலும் இதே சங்கடம் உண்டு. மரக்கறி போடுகிறவர்கள் நட்டு மிஞ்சிய நாற்றைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், ஆனால் வாங்குகிற இடத்திலேயே நாலைந்து நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் விரல் விரலாகப் பெருத்துத் திரண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்துவிடுங்கள். அந்த நோய் ஒருமுறை உங்கள் மண்ணுக்குள் நுழைந்தால் பிள்ளை பெரியவளாகும் வரை கோவா போட முடியாது. நான் இதில் கண்டிப்பாக இருப்பேன்: விதை வாங்கலாம், நோயில்லாத கொடித் துண்டு வாங்கலாம், மண்ணோடு கன்று மட்டும் தெரியாத இடத்திலிருந்து வேண்டாம். சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு முளைத்துவிட்டதே என்று நடுவதும் வேண்டாம், இந்த வாடல் நோய் கிழங்குக்குள்ளேயே பயணம் செய்யும்.

அதே காரணத்தால்தான் திருச்சி விதைக்கும் வேண்டாம் என்கிறேன். ஆசை எனக்குப் புரிகிறது, அந்தப் பக்கம் போன சொந்தம் கையில் கொண்டுவருகிற பொருளுக்கு நம் வீடுகளில் தனி மதிப்பு. ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் விதையோ கன்றோ கொண்டுவர முடியாது, கட்டுநாயக்கவில் எடுத்துவிடுவார்கள். சட்டத்தை விடுங்கள், இந்த மலைகளின் கதையே அதுதானே. நம் மூதாதையர் முதலில் இங்கே வந்தது தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. 1869இல் இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சணம் காணப்பட்டது, இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது, மழைக்காலத்தில் கொழுந்தில் நீங்கள் பார்க்கிற அந்தக் கொப்புளம்தான், இன்றைக்கும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மலையையே மாற்றிவிடும். மாமா மகளிடம் புடவை கேளுங்கள்.

பேஸ்புக்கில் விற்பவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள். ரகத்தின் பெயர் சொல்லாமல் பெரிய படம் மட்டும் போடுகிறவரிடம் வாங்க வேண்டாம். நீல ரோஜா விதை, வானவில் தக்காளி விதை என்று வருவதெல்லாம் பொய்.

வெண்ணெய்ப்பழத்துக்கு மட்டும் தயவுசெய்து காசு செலவழியுங்கள். கொட்டையைப் போட்டாலும் முளைக்கும், ஆனால் ஏழெட்டு வருஷம் காத்திருந்த பிறகு என்ன பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சின்ன இடத்தில் ஒரு மரம்தான் வைக்க முடியும், அது ஒட்டுக் கன்றாக இருக்கட்டும். திணைக்களத்து விற்பனை நிலையத்திலோ பதிவு செய்த நாற்றுமேடையிலோ வாங்குங்கள். ஒட்டின இடம் நன்றாக மூடியிருக்க வேண்டும், பையின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருக்கக்கூடாது, ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் கிள்ளிவிடுங்கள். கூரையிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

ரோஜாவும் ஹைட்ரேஞ்சியாவும் ஜெரேனியமும் தண்டிலேயே வரும், காசு தேவையில்லை. கவாத்து வெட்டுகிற வீட்டில் பென்சில் பருமனில் ஒரு சாண் தண்டு கேட்டு, கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாக வெட்டி, மணல் கலந்த மண்ணில் பாதி புதைத்து, வெட்டிய தண்ணீர்ப் போத்தலை மேலே கவிழ்த்து நிழலில் வையுங்கள். சவுசவுக்கு முளைவிட்ட முழுக் காயையே படுக்கவைத்துப் பாதி மண்ணுக்கு வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் போதும். கடைக் கொத்தமல்லியை உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து போடுங்கள், அதுவே விதை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், உங்கள் காணி முன்பு தேயிலை நின்ற இடமா? அப்படியென்றால் மண் புளிப்பு. தேயிலை பிஎச் 4.5 முதல் 5.5 வரை உள்ள மண்ணில் சந்தோஷமாக நிற்கும், மரக்கறிக்கு 6க்கு மேல் வேண்டும். நல்ல விதைகூட அந்த மண்ணில் முளைத்துக் குட்டையாகவே நின்றுவிடும். விதைப்பதற்கு மூன்று நாலு வாரம் முன்பே புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிடுங்கள். எவ்வளவு என்பதைப் போதனாசிரியரிடம் மண்ணைக் காட்டிக் கேளுங்கள். பாதையோரத்துக் காட்டுச் சூரியகாந்தித் தழையைப் பூக்கு முன் வெட்டிப் பாத்தியில் புதைத்தால் நல்ல பசளை, அதுவும் இலவசம்.

பிரிக்காத அந்த ஐந்து பக்கற்றையும் மண்ணில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பத்து விதை எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியில் இடைவெளி விட்டு வைத்துச் சுருட்டி, பெயர் எழுதி, அடுப்படியில் சூடு படாத மூலையில் வையுங்கள், தினமும் ஈரம் பாருங்கள். போஞ்சி, முள்ளங்கி மாதிரி ஒரு வாரத்துக்குள் தெரியும், கரட் இனத்துக்கு இரண்டு வாரம் பொறுங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் தைரியமாகப் போடலாம், ஐந்து என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள், மூன்றுக்குக் கீழே என்றால் பில்லையும் அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்கே போய்க் காட்டி மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.